சாரம் கட்டுதலை மாணவ ஆசிரியருக்கு எப்படிக் கற்றுத்தருவது?

கேள்வி இதுதான்: பி.எட். மாணவர்கள் சாரம் கட்டுதல் பற்றி, அதாவது குழந்தைக்குத் தேவையான அளவு மட்டும் உதவி, அது தானே செய்யத் தொடங்கியதும் அந்த உதவியை மெல்ல விலக்குவது பற்றி, தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பள்ளிக்குப் போய்க் கரும்பலகை முன்னால் நின்றால், குழந்தை தப்பாகச் சொன்னதும் சரியான விடையைத் தாங்களே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். குறுகிய வகுப்பறைச் சூழல்களை வைத்துப் பயிற்சி கொடுத்தால் மாறும் என்கிறார்கள். அந்தச் சூழல்களை எப்படி எழுதுவது, எப்படி நடத்துவது?

மாறும். ஆனால் பயிற்சியின் அலகைச் சின்னதாக்க வேண்டும். மாணவ ஆசிரியருக்கு வரையறை தெரியும், ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியைத் தெரியும், அவர் சொன்ன அண்மை வளர்ச்சி மண்டலத்துக்கு (குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும் உதவியோடு செய்ய முடிவதற்கும் இடைப்பட்ட பகுதி) படமும் போடுவார். தெரியாதது ஒன்று: குழந்தை தப்பாகச் சொன்ன அந்த நொடியில் தன் வாயிலிருந்து வரவேண்டிய அடுத்த வாக்கியம். ஒரு பாடவேளை முழுவதையும் திருத்த முயல்வதைவிட அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துப் பழக்கினால் போதும். குறுஞ்சூழல் என்பது அதற்கான களம்.

சொல்லைப் பற்றி முதலில். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர் எந்த உயரத்தில் கை எட்டவில்லையோ அந்த உயரத்துக்குத்தான் கழி கட்டுவார். பூச்சு முடிந்ததும் மேலிருந்து பிரித்துக்கொண்டே இறங்குவார். கழி செருகிய துளைகளையும் அடைத்துவிடுவார். கல்வியில் இந்த உவமையை நிலைநிறுத்தியது உளவியலாளர்கள் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976-இல் வெளியிட்ட கட்டுரை. (தேர்வுத்தாளில் இதை வைகாட்ஸ்கி சொன்னதாக எழுதுகிறார்கள். அவர் 1934-இலேயே இறந்துவிட்டார். அவருடைய கருத்தோடு இதைப் பொருத்திக்கொண்டது பின்னால் வந்தவர்கள்.) 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேர், 21 மரக்கட்டைகளைக் கோத்து ஒரு பிரமிடு செய்யவேண்டும், கூட ஒருவர் இருந்து உதவுவார். 3 வயதுக் குழந்தையை வேலைக்குள் இழுப்பதற்கே அவருக்கு நேரம் சரியாயிருந்தது. 4 வயதுக் குழந்தைக்குத் தப்பைச் சுட்டவேண்டியிருந்தது. 5 வயதுக் குழந்தை தானே செய்துவிட்டு 'சரிதானே?' என்று பார்த்தது. வேலை ஒன்றுதான், உதவி மூன்று விதம்.

அதற்கு முந்தைய ஆண்டு வுட்டும் டேவிட் மிடில்டனும் செய்த ஆய்வுதான் ஆசிரியப் பயிற்சிக்கு அதிகம் கைகொடுக்கும். உதவியை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள்: பொதுவாக ஊக்குவிப்பது, குறிப்பிட்டுச் சொல்வது, எதை எடுக்கவேண்டும் என்று காட்டுவது, பொருளைத் தயார் செய்து கையில் கொடுப்பது, முழுதாகச் செய்துகாட்டுவது. குழந்தை தடுமாறினால் ஒரு படி உதவியைக் கூட்டு, சரியாகச் செய்தால் ஒரு படி குறை. விதி அவ்வளவுதான். சொல்ல எளிது, நடத்தும்போது கை நழுவும். பெரும்பாலோர் முதல் படியிலிருந்து நேரே ஐந்தாம் படிக்குத் தாவுவார்கள்: 'நல்லா யோசி... யோசிச்சியா? சரி, இங்க பாரு.'

இனி ஒரு சூழலைப் பார்ப்போம்.

மூன்றாம் வகுப்பு, கணக்கு, பாடவேளை தொடங்கி இருபது நிமிடம். பலகையில் 52 − 27 இருக்கிறது. மேசையில் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகளும் உதிரிக் குச்சிகளும். ஒரு குழந்தையின் நோட்டில் 52-க்குக் கீழே 27, கோட்டுக்குக் கீழே 35. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. நீங்கள் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள். குழந்தை நிமிர்ந்து, 'முடிச்சிட்டேன் மிஸ்' என்கிறது. நீங்கள் சொல்லும் அடுத்த வாக்கியம் என்ன?

சூழல் இங்கேயே நிற்கிறது. இவ்வளவுதான் நீளம், ஐம்பது அறுபது சொல், மிஞ்சினால் நூறு. வகுப்பு, பாடம், எத்தனையாவது நிமிடம், பலகையில் என்ன, கைக்கெட்டும் தூரத்தில் என்ன பொருள், குழந்தை எழுதியது அல்லது சொன்னது அப்படியே. 'மெல்லக் கற்கும் மாணவி', 'வீட்டில் கவனிப்பு இல்லை' போன்ற வரிகளைச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் அறையில் பேச்சு முழுவதும் அந்தக் குடும்பத்தைப் பற்றியதாகிவிடும். நோட்டில் இருக்கும் 35-ஐ யாரும் பார்க்கமாட்டார்கள். சூழலில் வரும் ஆசிரியர் என்ன செய்தார் என்று முடித்தும் எழுதக்கூடாது. அப்போது அது விமரிசனப் பயிற்சி ஆகிவிடும். இன்னொருவரைக் குறை சொல்வதில் நம் மாணவ ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவைப்படுவதில்லை.

இந்த எண்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு விஷயம் இருக்கிறது. 35 என்ற விடை இரண்டு வழியில் வரும். ஒரு குழந்தை 'பெரிசுலேர்ந்து சின்னதக் கழிக்கணும்' என்று பிடித்துக்கொண்டு, 7-லிருந்து 2-ஐக் கழித்து 5, 5-லிருந்து 2-ஐக் கழித்து 3 என்று எழுதும். இன்னொரு குழந்தை கடன் வாங்கி 12-லிருந்து 7-ஐச் சரியாகக் கழித்து 5 எழுதும். ஆனால் கடன் கொடுத்த 5, 4 ஆகிவிட்டதை மறந்து 5-லிருந்து 2 போக 3 எழுதும். இரண்டு நோட்டிலும் 35. முதல் குழந்தைக்கு இனமாற்றம் (ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்குவது) என்ற எண்ணமே இன்னும் வரவில்லை. இரண்டாவது குழந்தைக்கு அது தெரியும், கணக்கு வைப்பதில்தான் நழுவல். முதல் குழந்தைக்கு உகந்த உதவி இரண்டாவதுக்கு அலுப்பு. இரண்டாவதுக்கு உகந்தது முதல் குழந்தைக்குப் புரியவே புரியாது. ஆகவே நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் உதவத் தொடங்கும் எந்த வாக்கியமும் குருட்டாம்போக்குதான். முதலில் வரவேண்டியது கண்டறியும் கேள்வி: 'இந்த 5 எப்படி வந்துச்சு, சொல்லு?' அல்லது பேசத் தயங்கும் குழந்தையிடம், 'இதயும் போடு' என்று 52 − 28. அதே தப்பைச் செய்தால் முதல் குழந்தை 36 எழுதும், இரண்டாவது 34. சரியான விடை 24. இப்படி எண்களைக் குறிபார்த்து வைப்பது சூழல் எழுதுகிறவரின் வேலை. எண்ணைக் கவனிக்காமல் எழுதிய சூழலில் கண்டறிய எதுவும் இருக்காது.

கண்டறிந்தபின் ஐந்து படிகள் இந்தக் கணக்கில் எப்படி ஒலிக்கும்? முதல் குழந்தைக்கு: 'ஒரு தடவ குச்சிய வச்சுப் பாரேன்' என்பது முதல் படி. 'ஒண்ணாம் இடத்த மட்டும் பாரு. உன்கிட்ட எத்தன உதிரிக் குச்சி இருக்கு, எத்தன எடுக்கணும்?' என்பது இரண்டாவது. ஒரு கட்டைத் தொட்டுக்காட்டி 'இதப் பிரிச்சா என்ன ஆகும்?' என்பது மூன்றாவது. நாமே கட்டைப் பிரித்து 4 கட்டும் 12 உதிரியுமாக முன்னால் வைத்து 'இப்ப 27 எடு' என்பது நான்காவது. 64 − 38 என்ற வேறொரு கணக்கைக் குச்சியோடு முழுதாகச் செய்துகாட்டிவிட்டு 52 − 27-ஐக் குழந்தையிடம் விடுவது ஐந்தாவது. கடைசிப் படியிலும் குழந்தையின் கணக்கை நாம் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு இவ்வளவு தேவையில்லை. 'ஒரு கட்ட பிரிச்சிட்டியே, மிச்சம் எத்தன கட்டு?' என்று கேட்டால் பெரும்பாலும் அதுவே அழிப்பானைத் தேடும்.

வகுப்பில் நடத்தும்போது மூவர் மூவராகப் பிரிக்கவும். ஒருவர் ஆசிரியர், ஒருவர் குழந்தை, ஒருவர் எழுதுபவர். குழந்தையாக நடிப்பவர் கையில் மட்டும் ஒரு குழந்தை அட்டை. பாதிப் பேருக்கு முதல் குழந்தையின் விதி, மீதிப் பேருக்கு இரண்டாவதன் விதி. ஆசிரியராக இருப்பவருக்கு எது என்று தெரியாது. அட்டையில் இப்படி எழுதலாம்: 'நீ எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைத்தான் கழிப்பாய். புரிஞ்சுதா என்று கேட்டால், புரியாவிட்டாலும் புரிஞ்சுது மிஸ் என்பாய். வாயால் சொல்லும் விளக்கம் உனக்கு ஏறாது. குச்சி கைக்கு வந்தபின் இரண்டு கேள்விக்குப் பிறகே பிடிபடும்.' கடைசி இரண்டு வரி ரொம்ப முக்கியம். அவை இல்லாவிட்டால் குழந்தையாக நடிக்கும் நண்பர், தோழிக்குச் சங்கடம் வேண்டாம் என்று முதல் விளக்கத்திலேயே 'ஆமா மிஸ், புரிஞ்சிடுச்சு!' என்று தலையாட்டிவிடுவார். இந்தப் பயிற்சி சொதப்புவதற்கு முதல் காரணம் இந்த இரக்கமுள்ள நடிப்புதான்.

நேரக்கணக்கு, ஒரு மணி நேரத்துக்குள்: சூழலை மௌனமாகப் படிக்க 3 நிமிடம். தான் சொல்லப்போகும் வாக்கியத்தை ஒவ்வொருவரும் தனியாக எழுத 4. 'குழந்தைக்கு இனமாற்றத்தை விளக்குவேன்' என்று எழுதினால் செல்லாது; மேற்கோள் குறிக்குள் பேச்சாக எழுதவேண்டும். பிறகு மூன்று சுற்று, சுற்றுக்கு 6: நடிப்பு 2, எழுதியவர் வாசித்துக்காட்டிப் பேச 4. சுற்றுக்குச் சுற்று வேடம் மாறும். அட்டையும் மாறவேண்டும், ஒருமுறை குழந்தையாக இருந்தவருக்கு விதி தெரிந்துவிடுமே. மூன்றாவது சுற்றுக்கு 402 − 178 போல வேறு எண்ணும், நடுவில் இருக்கும் 0-வை 9 ஆக்கிவிட்டு நூறாம் இடத்திலிருந்து எடுக்க மறக்கும் குழந்தையும் வைத்துக்கொள்ளலாம். அது 324 எழுதும், விடை 224. அடுத்து 15 நிமிடம் எல்லோரும் சேர்ந்து பேச்சு. எல்லார் கதையையும் கேட்காமல் நான்கைந்து வாக்கியங்களை மட்டும் பலகையில் எழுதி அவற்றைப் பற்றியே. கடைசி 15-இல் வாக்கியத்தைத் திருத்தி எழுதி மறுபடி நடிப்பு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், நேரமில்லை என்று. மறுபடி நடிக்காத பயிற்சி வெறும் கலந்துரையாடல். நேரம் போதவில்லையென்றால் ஒரு சுற்றைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

எழுதுபவரின் வேலை பேச்சை அப்படியே எழுதுவது, மதிப்பீடு வேண்டாம். அவர் எழுதியதில் இப்படி ஒன்று வரும்:

'மேல 2 இருக்கு, 7 போகுமா?'
'போகாது.'
'அப்ப பக்கத்துல என்ன பண்ணணும்?'
'கடன் வாங்கணும்.'
'வாங்கினா 2 எத்தனை ஆகும்?'
'12.'
'12-ல 7 போனா?'
'5.'
'வெரி குட்!'

கேட்க அருமையாக இருக்கிறது. கேள்வி மேல் கேள்வி, குழந்தை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறது. வினா கேட்கும் திறன் என்ற கட்டத்தில் நல்ல மதிப்பெண்ணும் விழும். ஆனால் ஆசிரியர் வரிகளைக் கையால் மறைத்துக் குழந்தையின் வரிகளை மட்டும் படியுங்கள்: போகாது, வாங்கணும், 12, 5. குழந்தை செய்தது ஒரு சின்னக் கழித்தல். எங்கே பார்ப்பது, ஏன் வாங்குவது, எப்போது வாங்குவது எல்லாவற்றையும் ஆசிரியரே தீர்மானித்துவிட்டார். இது புனலில் ஊற்றுவது போன்றது. எங்கே ஊற்றினாலும் ஒரே துளைவழியாகத்தான் இறங்கும். குழந்தையின் வரிகள் ஒற்றைச் சொல்லாகவே இருந்தால் கணக்கைப் போட்டது ஆசிரியர். இந்தக் கையால் மறைக்கும் சோதனையை மாணவ ஆசிரியர்கள் ஒரு தடவை செய்துவிட்டால் பிறகு நாம் சொல்லவேண்டியதே இல்லை.

கேட்டபின் காத்திருப்பதையும் எழுதுபவர் குறிக்கலாம். மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அது மூன்று நொடி ஆனபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, தாமாகப் பேசுவது கூடியது. எழுதுபவர் விரலை மடக்கி எண்ணினால் போதும், கடிகாரம் வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம். மாணவ ஆசிரியருக்கும் சாரம் வேண்டும், அதையும் பிரிக்கவேண்டும். முதல் நாளே வெறும் சூழலைக் கொடுத்து 'என்ன செய்வீர்கள்?' என்றால் 'அன்பாக விளக்குவேன்' என்றுதான் வரும். முதல் வாரம் சூழலோடு மூன்று பதில்களையும் கொடுத்து, ஒவ்வொன்றையும் பயிற்றுநர் உரக்க யோசித்துக் காட்டட்டும்: 'இதைச் சொன்னால் 35 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவராது, அதனால் இது வேண்டாம்.' இரண்டாம் வாரம் மூன்று பதில்கள் இருக்கும், யோசித்துக் காட்டுவது இருக்காது. அதை அவர்கள் செய்யவேண்டும். மூன்றாம் வாரம் பதில்களும் போய்விடும், 'எப்படி வந்துச்சு...', 'உன்கிட்ட என்ன இருக்கு...' என்று பாதி வாக்கியங்கள் மட்டும் மிஞ்சும். நான்காம் வாரம் வெறும் சூழல். ஐந்தாம் வாரம் எழுதும் 4 நிமிடமும் கிடையாது, படித்ததும் நடிப்பு. அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு சூழல்களில் ஒருவருடைய முதல் வாக்கியம் கண்டறியும் கேள்வியாகவும், அதற்குள் விடை ஒளிந்திராமலும் இருந்தால் அவருக்கு மட்டும் முன்கூட்டியே பிரிக்கலாம். எல்லோருக்கும் ஒரே தேதியில் பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதி, அவ்வளவுதான். ஏற்கெனவே செய்யத் தெரிந்தவருக்குத் தொடர்ந்து பாதி வாக்கியங்களைக் கொடுத்தால் அவருடைய சொந்தப் பேச்சை அது கெடுக்கும்.

பிரிக்கத் தெரியாத சாரத்துக்கு நம் கல்லூரிகளிலேயே ஓர் உதாரணம் உண்டு: பாடக்குறிப்புப் படிவம். முதல் வாரம் அதே கட்டங்கள், பதினாறாம் வாரமும் அதே கட்டங்கள். ஆர்வமூட்டல், வினாக்கள், வலுவூட்டல், வீட்டுவேலை. உதவியை மெல்ல விலக்கவேண்டும் என்று பாடம் நடத்தும் இடத்தில் இரண்டு ஆண்டும் விலக்கப்படாத ஓர் உதவி. வளர்ந்த மரத்துக்கும் முட்டுக்கொடுப்பது போல.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு சூழல். தண்ணீர் கொதிக்கிறது, 'குமிழிக்குள்ள என்ன இருக்கு?' என்று கேட்கிறீர்கள். 'காத்து சார்' என்கிறான் ஒருவன். அறையில் இருக்கும் மாணவ ஆசிரியர்கள் உடனே 'தப்பு, நீராவி' என்று திருத்த எழுந்துவிடுவார்கள். ஆனால் தண்ணீர் சூடாகத் தொடங்கும்போது பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னக் குமிழிகளில் இருப்பது, நீரில் கரைந்திருந்த காற்று. அடியிலிருந்து கொப்பளித்து மேலே வரும் பெரிய குமிழிகளில்தான் நீராவி. பையன் எதைப் பார்த்தான்? 'நீ எந்தக் குமிழியச் சொல்ற?' என்பதுதான் அடுத்த வாக்கியம். பெரியதைத்தான் சொல்கிறான் என்றால், 'தண்ணி வத்திப்போற வரைக்கும் வந்துட்டே இருக்கே, அவ்வளவு காத்து எங்க இருந்துச்சு?' என்று கேட்கலாம். பாடப்பொருள் சரியாகத் தெரியாதவர் இந்த இடத்தில் சாரம் கட்டவே முடியாது. கற்பித்தல் முறைத் தாள் தனி, பாடப்பொருள் தனி என்று பிரித்துவைத்திருப்பதன் விலை இங்கே தெரியும். ஆகவே சூழல்களைக் கல்வி உளவியல் ஆசிரியர் தனியாக எழுதவேண்டாம். கணக்குக்கும் அறிவியலுக்கும் அந்தந்தப் பாட ஆசிரியரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

நுண்ணிலைக் கற்பித்தல் ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பார்கள். நம் ஊரில் நடக்கும் அந்தச் சுழற்சி 36 நிமிடம்: கற்பிக்க 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி பின்னூட்டம் 6. அதில் ஒரு திறனைத் தனியாக எடுத்துப் பழகுகிறார்கள். எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் சக மாணவ ஆசிரியர்கள்; அவர்களுக்கு விடை தெரியும், தப்பே வராது. தப்பு வராத இடத்தில் சாரத்துக்கு வேலை ஏது? அந்தச் சுழற்சியை ஒழிக்கவேண்டியதில்லை. இரண்டு மூன்று பேருக்குக் குழந்தை அட்டையைக் கொடுத்து உட்காரவைத்தாலே அதன் சுபாவம் மாறிவிடும்.

சூழல்கள் எங்கிருந்து வரும்? தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் 2014 விதிமுறைப்படி இரண்டாண்டு பி.எட்.டில் பள்ளி ஈடுபாடு முதலாண்டு 4 வாரம், இரண்டாம் ஆண்டு 16 வாரம். முதலாண்டின் அந்த 4 வாரத்தைச் சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் ஐந்து தப்புகளைக் கொண்டுவரவேண்டும். குழந்தை எழுதியது எழுதியபடி, சொன்னது சொன்னபடி, பெயரும் பள்ளியும் இல்லாமல். 40 பேர் கொண்ட வகுப்பென்றால் 200. பாதி உதவாது, அதனால் பரவாயில்லை. கற்பனையில் எழுதும் தப்புகள் எப்போதும் கொஞ்சம் முட்டாள்தனமாகவே இருக்கும். குழந்தைகள் செய்யும் தப்புக்கு உள்ளே ஒரு நியாயம் இருக்கும், அது கற்பனையில் வராது.

'ஒரு பிள்ளையோட ரெண்டு நிமிஷம் பேசிட்டிருந்தா மிச்ச 34 பேர் என்ன பண்ணுவாங்க?' என்ற கேள்வி நான்காம் வாரம் எழும். எழாவிட்டால் நீங்களே எழுப்புங்கள், ஏனென்றால் பள்ளியில் எழும். விடை சூழலுக்குள்ளேயே இருக்கிறது. பலகையில் 52 − 28 எழுதி எல்லோரையும் சிலேட்டில் போட்டுத் தூக்கிக்காட்டச் சொன்னால் 24, 34, 36 மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். 34 எழுதியவர்களிடம் 'மிச்சம் எத்தன கட்டு?' என்ற அந்த ஒரு கேள்வியைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, 24 எழுதியவர்களுக்கு 402 − 178-ஐக் கொடுத்துவிட்டு, குச்சிக்கட்டுகளோடு 36 எழுதியவர்கள் பக்கத்தில் போய் உட்காரலாம். ஐந்தாம் வாரச் சூழல்களில் ஒன்றாவது இப்படி முழு வகுப்பாக இருக்கட்டும்: மூவர் குழு வேண்டாம், அறையே வகுப்பு, கைகளில் சிலேட்டும் மூன்றுவகை அட்டையும்.

பயிற்சி பலித்ததா என்று தெரிவது 16 வாரத்தில். மேற்பார்வைக்குப் போகிறவர் வழக்கமான படிவத்தோடு ஒரு வெள்ளைத்தாளும் எடுத்துப்போகட்டும். ஒரு பாடவேளையில் குழந்தைகள் தப்பாகச் சொன்ன மூன்று இடங்களில், அதற்கு அடுத்து மாணவ ஆசிரியர் சொன்னதை எழுத்துமாறாமல் எழுதி, பாடம் முடிந்ததும் அவர் கையில் கொடுத்துவிடவேண்டும். பக்கத்தில் மதிப்பெண்ணோ கருத்தோ வேண்டாம். 'இதுல எத மாத்திச் சொல்லியிருப்பீங்க?' என்று மட்டும் கேட்டுவிட்டு, மூன்று நொடி காத்திருக்கவும்.